பெர்மிஷன் டினைட்: 777, உரிமை மாற்றம், குழு, தனிக் கணக்கு – எது சரி?

இணையதளம் கட்டப் பயன்படும் வேர்ட்பிரஸையோ லாராவெல்லையோ புது லினக்ஸ் சர்வரில் நிறுவும்போது 'பெர்மிஷன் டினைட்' (அனுமதி மறுப்பு) என்று வந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கோப்புகளை ஏற்றியது ஒரு கணக்கு, அவை எழுதப்பட்ட மொழியான பிஎச்பி ஓடுவது வேறொரு கணக்கில். உபுண்டு, டெபியனில் அந்த இரண்டாவது கணக்கின் பெயர் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'. ரெட்ஹாட் வகை சர்வர்களில் வழக்கமாக 'அப்பாச்சி'. 777 மாதிரி எந்த அனுமதி எண் போடலாம் என்று தேடுவதற்கு முன்னால், கோப்பு யார் பேரில் இருக்கிறது, பிஎச்பி யார் பேரில் ஓடுகிறது என்று பார்த்துவிட வேண்டும். அது தெரிந்தால்தான் கீழே உள்ள நான்கு வழிகளில் எது பொருந்தும் என்று சொல்லவே முடியும்.

சென்னையின் சின்ன வெப் நிறுவனங்களை மனதில் வைத்துத்தான் ஒப்பிடுகிறேன். வாடகைக்கு எடுத்த ஒரே விபிஎஸ்ஸில் (மெய்நிகர் சர்வரில்) தி. நகர் புடவைக்கடை, மயிலாப்பூர் சபா, வேளச்சேரி டியூஷன் சென்டர் என்று ஏழெட்டு தளங்கள் இருக்கும். தீபாவளி நெருங்கும்போது, "தம்பி, புதுப் புடவை படம் ஏற மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்று கடைக்காரரிடமிருந்து போன் வரும். அந்த அவசரத்தில் கை நேராக 777-க்குத்தான் போகும்.

முதல் வழி இந்த 777. படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. மூன்று 7 போட்டால் உரிமையாளர், குழு, மற்ற எல்லோரும் என்று மூன்று தரப்புக்கும் எல்லா அனுமதியும் கிடைத்துவிடும். அந்த 'மற்ற எல்லோரும்' என்பதில் அதே சர்வரின் மற்ற கணக்குகள் அத்தனையும் அடக்கம். ஆபத்து என்பது ஒரு பக்கம், பல இடங்களில் 777 வேலையே செய்வதில்லை என்பது இன்னொரு பக்கம். படம் ஏறும், ஆனால் பிளகின் (கூடுதல் வசதி) நிறுவப் போனால் வேர்ட்பிரஸ் எஃப்டிபி (கோப்பு ஏற்றும் வழி) விவரம் கேட்கும். காரணம், அது ஒரு தற்காலிகக் கோப்பை எழுதிப் பார்த்து, அதன் உரிமையாளரும் தன் சொந்தக் கோப்பின் உரிமையாளரும் ஒருவர்தானா என்று ஒப்பிடுகிறது. இரண்டும் வேறு என்றால் எழுத இடம் இருந்தும் நம்பாது. ஸ்கிரிப்டை அதன் உரிமையாளர் கணக்கிலேயே ஓட்டும் சூஎக்ஸெக், சூபிஎச்பி வைத்திருக்கும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் 777 போட்ட பக்கம் 500 பிழை காட்டும், ஏனென்றால் யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய ஸ்கிரிப்டை ஓட்ட அவை மறுத்துவிடும். உபுண்டு 21.04 முதல் ஹோம் ஃபோல்டர் 750-ஆகத்தான் உருவாகிறது. தளத்தை அதற்குள் வைத்துவிட்டு உள்ளே எத்தனை 777 போட்டாலும், வெளிக்கதவு மூடியிருப்பதால் வலை சர்வரால் நுழைய முடியாது. ஆக, ஆபத்தை ஏற்றுக்கொண்டாலும் பலன் உறுதியில்லாத வழி இது.

இரண்டாவது வழி, எல்லாக் கோப்புகளையும் வலை சர்வர் கணக்கின் பேரிலேயே மாற்றிவிடுவது. ஒரு சர்வர், ஒரே தளம் என்றால் இது போதும். படம் ஏறும், அப்டேட் ஓடும், எஃப்டிபி கேள்வி வராது. நீங்கள் எஸ்எஃப்டிபியில் ஒரு வரி மாற்ற முடியாமல் ஒவ்வொரு முறையும் சூடோ (நிர்வாகி அனுமதி) போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஏழெட்டுத் தளங்கள் இருந்தால் கதையே வேறு. அடுக்குமாடியில் எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி கொடுத்த மாதிரி ஆகிவிடும். டியூஷன் சென்டர் தளத்தின் பழைய பிளகின் வழியாக நுழைந்தவன், புடவைக்கடையின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வரை படித்துவிடலாம்.

மூன்றாவது, உரிமையை உங்களிடமே வைத்துக்கொண்டு வலை சர்வருக்குக் குழு வழியாக எழுத அனுமதி தருவது. ஃபோல்டருக்கு 2775 போட்டால், முதலில் வரும் அந்த 2 காரணமாக உள்ளே புதிதாக உருவாகும் கோப்புகள் அதே குழுவில் சேரும். ஆனால் குழுவுக்கு எழுத அனுமதி கிடைக்குமா என்பதை, புதுக் கோப்பில் எந்த அனுமதிகளைக் கழிப்பது என்று சொல்லும் யூமாஸ்க் தீர்மானிக்கும். அது வழக்கமான 022-ஆகவே இருந்தால் இன்று சரியான பிழை அடுத்த கோப்பில் திரும்ப வரும், அதனால் 002 ஆக்க வேண்டும். ஃபோல்டருக்கு டிஃபால்ட் ஏசிஎல் (கணக்குவாரியான அனுமதிப் பட்டியல்) போட்டால் யூமாஸ்க் தொல்லை இல்லை, ஆனால் பேக்கப் எடுக்கும்போது டார் கட்டளைக்குத் தனியாகச் சொல்லாவிட்டால் ஏசிஎல் விவரம் கூட வராது. லாராவெல்லுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். அங்கே எழுதத் தேவைப்படுவது ஸ்டோரேஜ், பூட்ஸ்ட்ராப் கேஷ் என்ற இரண்டு இடங்கள்தான், மற்ற நிரல் முழுதும் பூட்டியே இருக்கலாம். வேர்ட்பிரஸுக்கு இது அரைகுறை. அந்த உரிமையாளர் ஒப்பீடு இங்கேயும் தடுக்கும், கான்ஃபிக் கோப்பில் நேரடியாக எழுதும் முறையை வலியச் சொல்ல வேண்டும்.

நான்காவது வழிதான் பல தளங்கள் இருக்கும் விபிஎஸ்ஸுக்கு என் தேர்வு. தளத்துக்கு ஒரு லினக்ஸ் கணக்கு, அந்தக் கணக்கிலேயே ஓடும் தனி பிஎச்பி-எஃப்பிஎம் பூல் (பிஎச்பியை ஓட்டும் செயல்முறைகளின் தொகுப்பு). எஸ்எஃப்டிபியும் அதே கணக்கு. ஏற்றுபவரும் ஓட்டுபவரும் ஒருவரே ஆகிவிடுவதால் ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644 போதும். வேர்ட்பிரஸின் ஒப்பீடும் நிறைவேறும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பூலின் சாக்கெட்டை (இணைப்புப் புள்ளியை) வலை சர்வரான என்ஜின்எக்ஸ் தொட முடியாவிட்டால் 502 பிழை வரும், அதனால் சாக்கெட்டின் உரிமையாளராக வலை சர்வர் கணக்கைப் போட வேண்டும். அப்புறம், தளத்தின் தலைமை ஃபோல்டரை 750 ஆக்கி, அதன் குழுவாக வலை சர்வரின் குழுவை வைக்க வேண்டும். இதை விட்டால் தனிக் கணக்கு வைத்தும் பக்கத்துத் தளம் உங்கள் 644 கோப்புகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கும். நினைவகம் குறைந்த விபிஎஸ் என்றால் பூலை, தேவைப்படும்போது மட்டும் ஓடும் 'ஆன்டிமாண்ட்' முறையில் வையுங்கள், யாரும் வராத தளம் ராமை அடைத்துக்கொண்டிருக்காது.

இதிலும் ஒரு குறை உண்டு. தளத்துக்குள் நுழைந்தவன் அந்தத் தளத்தின் நிரலையே மாற்றி எழுதலாம். நிரலை வேறு கணக்கில் பூட்டினால் இது தடுபடும், ஆனால் ஒரு கிளிக் அப்டேட்டும் போய்விடும். அப்டேட் செய்யத் தனி ஆள் இல்லாத இடத்தில் பூட்டிய பழைய பிளகினைவிட, பூட்டாத புதிய பிளகின் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

எந்த வழியும் பலிக்காவிட்டால் 'நேம்ஐ' கட்டளையை மைனஸ் எல் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பாதையின் ஒவ்வொரு படியிலும் யாருக்கு என்ன அனுமதி என்று காட்டும், எந்தப் படியில் தடை என்பது பளிச்சென்று தெரியும். எல்லாப் படியும் சரியாக இருந்தும் ரெட்ஹாட் வகை சர்வர் மறுத்தால் அது பெரும்பாலும் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. அதை அணைத்துவிடாமல், எழுத வேண்டிய ஃபோல்டருக்கு மட்டும் சரியான லேபிளைக் கொடுங்கள்.

ஏற்கெனவே 777-இல் ஓடிக்கொண்டிருக்கும் தளம் கைவசம் இருந்தால், எண்களைத் திருத்துவதற்கு முன் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பிஎச்பி கோப்பு ஏதாவது கிடக்கிறதா என்று தேடுங்கள். படங்கள் இருக்க வேண்டிய இடம் அது. அங்கே தெரியாத பிஎச்பி கோப்பு இருந்தால் பெர்மிஷன் வேலையை நிறுத்திவிட்டு, யாராவது உள்ளே வந்துபோயிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.