ஜி.பி.எஸ். புதையல் வேட்டை: லுவாவா, ஜாவாஸ்கிரிப்டா, கோட்லினா?

பூங்காவின் மூலையில் உள்ள கல் இருக்கையை நெருங்கியதும் கைப்பேசித் திரையில் ஒரு பூதம் எழுந்து விடுகதை போட வேண்டும். விடை சொன்னால்தான் அடுத்த இடம் தெரியும். இப்படி ஒரு விளையாட்டை நாமே நிரல் எழுதி உருவாக்க மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றிலும் நான் கை சுட்டுக்கொண்டவன். மேசையில் உட்கார்ந்து பார்க்கும்போது மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேறுபாடு வெயிலில் இறங்கி நடக்கும்போதுதான் புரியும்.

இவற்றில் மூத்தது வேரிகோ, இடம்சார்ந்த விளையாட்டுகளை உருவாக்கவும் ஆடவும் உதவும் கருவித்தொகுப்பு. ஜியோகேச்சிங் (ஜி.பி.எஸ். உதவியால் ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடும் விளையாட்டு) தளத்தை நடத்தும் கிரவுண்ட்ஸ்பீக் நிறுவனம் 2008-இல் வெளியிட்டது. விளையாட்டு ஒவ்வொன்றும் ஒரு ‘கார்ட்ரிட்ஜ்’. உள்ளே இருப்பது லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல். மண்டலம் (வரைபடத்தில் எல்லை குறித்த இடம்), பாத்திரம், பொருள், பணி, நேரக்கணிப்பான் எல்லாம் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கின்றன. மண்டலத்துக்குள் நுழைந்தால் என்ன, வெளியேறினால் என்ன என்பதை மட்டும் நாம் எழுதினால் போதும். விளையாட்டைப் பாதியில் சேமிக்கும் வசதியும் கூடவே வருகிறது. ஆனால் திரையின் தோற்றம் நம் கையில் இல்லை. பூதத்துக்கு ஒரு படமும் சில வரிப் பேச்சும்தான் கிடைக்கும். விளையாட வருபவர் அதற்கான செயலியை முதலில் நிறுவியிருக்கவும் வேண்டும். ஜியோகேச்சிங் பித்துப் பிடித்தவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. பிறந்தநாள் விழாவுக்கு வந்த இருபது பேரிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இணையப் பக்கமாக எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு சுட்டியை அனுப்பினால் போதும். உலாவியின் இருப்பிட வசதியை ஜாவாஸ்கிரிப்டில் அழைத்தால் அட்சரேகை, தீர்க்கரேகையோடு ‘துல்லியம் இத்தனை மீட்டர்’ என்ற எண்ணும் வந்து சேரும். பக்கம் எச்.டி.டி.பி.எஸ். என்ற பாதுகாப்பான முகவரியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உலாவி இருப்பிடத்தைத் தராது. வரைபடத்தைக் காட்ட லீஃப்லெட் என்ற நிரல்தொகுப்பும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடமும் போதும். வீட்டிலிருந்தே சோதிக்க வேண்டுமானால், குரோம் உலாவியின் உருவாக்குநர் கருவியில் போலி இருப்பிடத்தைக் கொடுத்துப் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. திரை அணைந்தால் விளையாட்டு உறங்கிவிடும். திரையை விழித்திருக்கச் செய்தால் மின்கலம் கரையும். பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்க்கும் கெட்டிக்காரர் புதையல் இருக்கும் இடத்தை வீட்டிலிருந்தே படித்துவிடுவார். நான் இப்போது ஒவ்வொரு விடுகதையின் விடையையே சாவியாக்கி, அடுத்த இடத்தை அதனால் மறைகுறியாக்கி வைக்கிறேன். அதையும் உடைப்பவர் புதையலை எடுத்துக்கொள்ளட்டும், உழைத்திருக்கிறார்.

எந்த மொழியில் எழுதினாலும் தப்ப முடியாதது ஜி.பி.எஸ். தடுமாற்றம். திறந்த வானத்தின் கீழேயே கைப்பேசி காட்டும் இடம் ஐந்து மீட்டர்வரை விலகும். மரநிழலிலும் உயர்ந்த சுவர்களுக்கு நடுவிலும் இன்னும் மோசம். என் முதல் விளையாட்டில் எல்லையை 10 மீட்டர் என்று வைத்தேன். ஒருவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பூதமோ வருவதும் மறைவதுமாக ஏழு முறை வணக்கம் சொன்னது. நுழைய ஒரு தூரம், வெளியேற அதைவிடப் பெரிய தூரம் என்று பிரித்ததும் சரியாயிற்று: 15 மீட்டருக்குள் வந்தால் உள்ளே, 25-ஐத் தாண்டினால்தான் வெளியே. துல்லியம் 30 மீட்டருக்கு மேல் போகும் அளவீடுகளைத் தூக்கி எறிந்துவிடுகிறேன். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நான்கு தசம இடங்களோடு நிறுத்திவிடாதீர்கள். அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். நான்காம் இடம் 11 மீட்டர், ஐந்தாம் இடம்தான் ஒரு மீட்டர். தீர்க்கரேகைக்கும் நிலநடுக்கோட்டருகே இதே கணக்குதான்.

மூன்றாவது, கோட்லின் என்ற நிரல்மொழியில் சொந்த ஆண்ட்ராய்டு செயலி. கைப்பேசி சட்டைப்பையில் இருக்கும்போதே அதிர்ந்து அழைக்க வேண்டுமானால் இதுதான் வழி. ஆனால் குறித்த வட்டத்துக்குள் நுழைந்தால் அறிவிக்க ஆண்ட்ராய்டு தரும் ஆயத்த எல்லைவேலி வசதியை நம்பி இறங்காதீர்கள். குறைந்தது 100 மீட்டர் ஆரம் வைக்கச் சொல்லும் கருவி அது. கல் இருக்கையை அது எங்கே கண்டுபிடிக்கும்? திரை அணைந்தாலும் அறிவிப்பு காட்டியபடி ஓடும் முன்னணிச் சேவை ஒன்றை எழுதி, தூரத்தை நாமே கணக்கிட வேண்டும். ஐபோன் வைத்திருப்பவருக்கு இதே வேலையைத் தனியாக மறுபடி செய்ய வேண்டும். ஒரு மாலைநேர வேட்டைக்கு இத்தனை பாடு எதற்கு என்று எனக்கே தோன்றியது.

ஆகவே நண்பர்களுக்காக என்றால் நான் இணையப் பக்கத்தைத்தான் எடுப்பேன். முன்பின் தெரியாதவர்கள் பல ஆண்டுகள் வந்து விளையாட வேண்டும் என்றால் வேரிகோ. அங்கே ஆடுவோர் ஏற்கெனவே இருக்கிறார்கள், சேவையகத்தையும் நான் காவல் காக்க வேண்டியதில்லை. கோட்லின் செயலி என் கணினியில் பாதியில் நிற்கிறது.