லிம் சூ காங் ஆட்டுப் பண்ணை: போனால் காலையிலேயே போங்கள்

சிங்கப்பூர் லிம் சூ காங்கிலுள்ள ஹே டெய்ரீஸ் ஆட்டுப் பண்ணையில் பால் கறப்பது காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைக்கும்தான். அதற்குள் போய்ச் சேர முடியாது என்றால் வேறொரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். பிந்திப் போனால் அசைபோடும் ஆடுகளையும் கடையிலுள்ள பால் போத்தல்களையும் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்ப வேண்டியதுதான். நகர மையத்தின் தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா) அவ்வளவு தூரம் போவதற்கு அது போதாது.

இடம் லிம் சூ காங் லேன் 4. சுவா சூ காங் வழியாக வரும் 975 பேருந்து லிம் சூ காங் சாலையில் ஓடுகிறது. இறங்கிய பிறகு நடை உண்டு, நிழல் குறைவு. வயதானவர்கள் கூட வந்தால் டாக்சிதான் சரி. ஆனால் திரும்பி வர அந்தப் பக்கம் டாக்சி லேசில் கிடைக்காது. பண்ணைக்கு விடுமுறை நாளும் உண்டு, கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். லிம் சூ காங் சாலையின் ஒரு பகுதி அம்பு மாதிரி நேராக இருந்ததற்குக் காரணம் உண்டு. 1986 முதல் பலமுறை விளக்குக் கம்பங்களையும் பேருந்து நிறுத்தங்களையும் கழற்றி வைத்துவிட்டு, ஆகாயப் படை அங்கே போர் விமானங்களை இறக்கிப் பயிற்சி செய்திருக்கிறது.

இந்த வட்டாரத்தில் கம்பீர் என்ற, தோல் பதனிட உதவும் செடியும் மிளகும், பிறகு ரப்பரும், அதற்கும் பிறகு காய்கறி, கோழி, பன்றி என்று மாறி மாறி வந்தன. சூ காங் என்ற பெயரே ஆற்றோரம் காடு திருத்திப் பயிரிட்ட சீனக் குடியிருப்புகளின் மிச்சம். 1980களில் பன்றிக் கழிவு நீர்நிலைகளைக் கெடுக்கிறது என்று அரசு பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூடியது. ஹே குடும்பமும் பன்றி வளர்த்தவர்கள்தான். 1988இல் ஆட்டுக்கு மாறினார்கள். லேன் எண் போட்டு மனை பிரித்த இந்த வேளாண் தொழில்நுட்பப் பூங்காக்களும் அந்தக் காலத்தவை. கிராமத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், இது வேலியிட்ட மனைகளின் வரிசை.

பார்க்க வேண்டியது பால் கறக்கும் மேடையை. ஆட்டுக்கு மடிக்காம்பு இரண்டுதான், அதனால் இயந்திரத்திலும் இரண்டே கிண்ணம். கிண்ணத்துக்குள் இருக்கும் ரப்பர் உறை விரிந்து சுருங்கும்போது வரும் தாளத்தைக் கவனியுங்கள், குட்டி சப்பிக் குடிப்பதை ஒத்திருக்கும். பால் நின்ற பிறகும் கிண்ணத்தை விட்டுவைத்தால் காம்பு புண்ணாகும், மடி நோய்க்கு அதுவே வழி. தொங்கு காது ஆடு தெரிந்தால் அது நூபியன். இந்தியாவின் ஜமுனாபாரி ஆட்டின் இரத்தம் அதில் உண்டு. வெள்ளை வெளேரென்று நிற்பது சானன். தின்பது குதிரைமசால் என்ற தீவனச் செடி, அதுவும் வெளிநாட்டிலிருந்து வருவது. இந்தத் தீவில் தீவனம் பயிரிட நிலம் ஏது? பாலின் விலை ஏன் அப்படி என்பதற்குப் பாதிப் பதில் அந்தத் தீவனக் கட்டுகளில் இருக்கிறது.

பால் விஷயத்துக்கு வருவோம். சாக்லேட் சேர்த்தது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் அதில் பாலின் ருசி தெரியாது. சாதாப் பாலை வாங்குங்கள். ஐஸ் பெட்டி கட்டாயம். ஆட்டுப்பாலின் தனி வாடைக்குக் காரணமான கொழுப்பு அமிலங்கள் நாள்பட நாள்பட, வெப்பம் பட்டால் இன்னும் வேகமாக, பிரிந்து வெளியே வரும். காரின் பின்பெட்டியில் ஒரு மணி நேரம் கிடந்த போத்தலைக் குடித்துவிட்டுப் பண்ணையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மாட்டுப்பால் மாதிரி பொங்கப் பொங்கக் காய்ச்சினால் இது சில சமயம் திரிந்துவிடும், சூட்டைத் தாங்கும் சக்தி குறைவு. தே ஹாலியா (இஞ்சித் தேநீர்) போடுபவர்கள் இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, தேயிலை போட்டு, அடுப்பை அணைத்த பிறகே பாலை ஊற்றுங்கள். பச்சை இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் நொதி இருக்கிறது, கொதித்தால்தான் அது சாகும்.

தயிர் கெட்டியாக உறையாது. உறைய வைக்கும் புரதங்களில் ஒன்று இதில் குறைவு என்பதால் கரண்டியில் எடுத்தால் வழியும். மோருக்கு அருமை. தயிர்சாதத்துக்கு வேண்டுமானால் மெல்லிய துணியில் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் தொங்கவிட்டு நீரை வடிக்க வேண்டும். அப்போது அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும், கணக்குப் போட்டு வாங்குங்கள்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்கள் ஆட்டுப்பால் தீர்வு என்று நம்பி வருகிறார்கள். வயிற்றை உப்ப வைக்கும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இதிலும் மாட்டுப்பாலை விடக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது, ஃபோலேட் சத்து மிகக் குறைவு.