தெர்மாகோலைக் கரைத்துக் காட்டி மீன் எண்ணெய் விற்கிறார்கள்: டெல்டா மக்கள் கவனத்துக்கு

மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்து ஊர்களில் கல்யாண மண்டபத்தை ஒரு நாளைக்கு வாடகைக்குப் பிடித்து "இலவச முழு உடல் பரிசோதனை" என்று முகாம் போடுகிறார்கள். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசி சர்க்கரையும் பிரஷரும் உள்ள பெரியவர்கள். கையில் ஓர் உலோகக் கம்பியைப் பிடிக்கச் சொல்கிறார்கள். ஒரு நிமிஷத்தில் லேப்டாப்பிலிருந்து ரிப்போர்ட் வருகிறது. 'லினோலெயிக் அமிலம் குறைவு, ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் குறைவு' என்று சிவப்பில் அச்சடித்திருக்கும். அடுத்த மேஜையில் மீன் எண்ணெய் கேப்சூல்: 60 கேப்சூல் பாட்டில் 1,800 ரூபாய், 'மூணு மாச கோர்ஸ்' 5,400 ரூபாய்.

முதலில் அந்த ரிப்போர்ட். இந்த இரண்டு அமிலங்களையும் உடம்பால் தானே செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும், அது உண்மை. ஆனால் ரத்தம் எடுக்காமல் அவற்றின் அளவைச் சொல்லும் கம்பி எதுவும் கிடையாது. லேபில் ரத்தத்திலுள்ள கொழுப்பு அமிலத்தைப் பிரித்து அளந்தால்தான் தெரியும். லினோலெயிக் அமிலம் குறைவு என்பதே நம் ஊரில் நம்ப முடியாத பேச்சு. நல்லெண்ணெயில் ஏறக்குறைய 40 சதவீதம் அதுதான். நமக்குக் குறைவாகக் கிடைப்பது ஒமேகா-3. ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும், மீன் எண்ணெயிலுள்ள ஈபிஏ, டிஹெச்ஏ என்ற கொழுப்பு அமிலங்களும் இந்த வகைதான்.

அடுத்தது மேடை வித்தை. ஒரு கேப்சூலை வெட்டி கண்ணாடிக் கிண்ணத்தில் பிழிந்து, தெர்மாகோல் துண்டைப் போடுகிறார்கள். துண்டு சுருங்கிக் கூழாகிறது. பக்கத்துக் கிண்ணத்தில் சமையல் எண்ணெய்; அதில் போட்ட துண்டு அப்படியே மிதக்கிறது. "பாத்தீங்களாம்மா, உங்க ரத்தக்குழாய்க் கொழுப்பும் இப்படித்தான் கரையும்." கூட்டம் மொத்தமும் விழுவது இந்த இடத்தில்தான்.

செறிவூட்டிய மீன் எண்ணெயில் கொழுப்பு அமிலம் பெரும்பாலும் எத்தில் எஸ்டர் என்ற ரசாயன வடிவில் இருக்கும். அது தெர்மாகோலை, அதாவது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பெட்ரோலும் கரைக்கும், ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் தெறிக்கும் சாறும் கரைக்கும். நாம் விழுங்கிய எண்ணெயோ எண்ணெயாக ரத்தக்குழாய்க்குப் போவதே இல்லை. குடலில் பித்தநீரும் நொதிகளும் அதைப் பிரித்துவிடும். நாளத்தில் படிந்திருப்பதும் வெறும் கொழுப்பல்ல. கொலஸ்ட்ரால், வெள்ளை அணுக்கள், நார்த்திசு, சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து குழாய்ச் சுவருக்குள்ளேயே இறுகிய மேடு அது.

இன்னொன்றும் கவனியுங்கள். பையில் போட்டுக் கொடுக்கும் பாட்டிலின் பின்பக்கம் ஈபிஏ 180 மி.கி., டிஹெச்ஏ 120 மி.கி. என்றிருக்கும். இது பெரும்பாலும் செறிவூட்டாத சாதா மீன் எண்ணெய். தெர்மாகோலை அத்தனை சட்டென்று கரைக்காது. மேடையில் வெட்டிய கேப்சூலும் கையில் கொடுத்த கேப்சூலும் ஒன்றுதானா என்று கேட்டே ஆகவேண்டும்.

முன்பக்கம் பெரிதாக '1000 மி.கி.' என்றிருப்பது எண்ணெயின் எடை. அதில் ஒமேகா-3 வெறும் 300 மி.கி. ட்ரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள ஒரு வகைக் கொழுப்பு) மிக அதிகமானவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் அளவு நாளைக்கு 4 கிராம் வரை போகும். இந்த கேப்சூலில் அதை எட்ட 14 விழுங்கவேண்டும். 60 கேப்சூல் பாட்டில் முழுக்க இருப்பது 18 கிராம். மத்தி மீன் 100 கிராமில் சுமாராக 1 கிராம் கிடைக்கும். பருவத்துக்குப் பருவம் கூடும் குறையும். ஆக 1,800 ரூபாய்க்கு வாங்குவது இரண்டு கிலோ மத்திக்கும் குறைவான ஒமேகா-3.

சரி, மீன் எண்ணெய் இதயத்தைக் காக்குமா? 1999-இல் இத்தாலியில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்குத் தினம் 1 கிராம் கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரிந்தது. 2018-இல் 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த அசெண்ட் ஆய்வில் 1 கிராம் கேப்சூலுக்கும் ஆலிவ் எண்ணெய் கேப்சூலுக்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. அதே ஆண்டு ரெட்யூஸ்-இட் ஆய்வில், ஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டும் ட்ரைகிளிசரைடு அதிகமாக இருந்தவர்களுக்குச் சுத்திகரித்த ஈபிஏ 4 கிராம் தந்தபோது இதயப் பாதிப்பு 25 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக்குக் கொடுத்த மினரல் ஆயில்தான் அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கெடுதல் செய்து, ஈபிஏவின் பலனைக் கூட்டிக் காட்டியதோ என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2020-இல் சோள எண்ணெயோடு ஒப்பிட்ட ஸ்ட்ரெங்த் ஆய்வில் 4 கிராமிலும் பலன் இல்லை. இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கூடியிருந்தது. விவரம் தெரிந்தவர்களே இன்னும் வாதாடும் விஷயம் இது. இதை வைத்து "கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திடுங்க ஐயா" என்று மேடையில் சொல்வதுதான் பெரிய அக்கிரமம். நிறுத்தியிருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். வார்ஃபரின் போல ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

வாங்கிவிட்டால் ஒரு கேப்சூலை ஊசியால் குத்தி மோந்து பாருங்கள். லேசான மீன் வாடை சரி. பழைய பெயின்ட் போல காரலாக அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. சித்திரை வெயிலில் மூடிய வேனில் கிடந்த சரக்குக்கு வேறென்ன ஆகும்? எலுமிச்சை வாசனை சேர்த்தது என்றால் மூக்கை நம்பமுடியாது, கடித்துச் சுவையைப் பாருங்கள்.

மீன் சாப்பிடுகிற வீட்டில் வாரம் இரண்டு நாள் மத்தி, கானாங்கெளுத்தி குழம்பு வைத்தாலே போதும். பொரித்தால் பலன் குறையும். சைவர்கள் ஆளி விதையைப் பொடித்து நாளைக்கு ஒரு மேஜைக்கரண்டி சேர்க்கலாம். முழு விதை செரிக்காமல் அப்படியே போய்விடும். அதிலுள்ளதை உடம்பு ஈபிஏவாக மாற்றுவது கொஞ்சம்தான், டிஹெச்ஏ அதைவிடக் குறைவு. கட்டாயம் வேண்டுமென்று டாக்டர் சொன்னால் நுண்பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெய் இருக்கிறது. "மூலிகை" என்று சொல்லி இந்த பாட்டிலைச் சைவர்களிடமும் தள்ளுகிறார்கள். லேபிளில் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம்.

ஏமாந்தவர்கள் பில், அந்த ரிப்போர்ட், நோட்டீஸ், பாட்டில் நான்கையும் பத்திரமாக வையுங்கள். பில் தரவில்லை என்றால் ஜிபே ரசீது போதும். பாட்டிலில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா பாருங்கள். இது உணவாக விற்கும் சரக்கு. நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்கக் கூடாது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்.