ஊட்டியில் பயிற்சி: 800-ஆ, 1500-ஆ?

பார்வைக்கு 800 மீட்டர், 1500 மீட்டர் இரண்டும் அண்ணன் தம்பி ஓட்டங்கள்தான். உடம்புக்கு அப்படியில்லை. 800 மீட்டரில் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் துணையில்லாமல் வருவது. 1500-ல் அது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். முன்னணி வீரர்கள் ஒன்றிலேயே நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில், மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் ஊட்டியில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 800-க்கான 200 மீட்டர் ஓட்டங்களைச் சமவெளி வேகத்திலேயே ஓடலாம். இடையில் ஓய்வை மட்டும் கூட்டினால் போதும். 1500-க்காக 1000 மீட்டரை ஐந்து முறை ஓடும்போது அது நடக்காது. சமவெளி நேரத்தைத் துரத்தினால் மூன்றாவதிலேயே மூச்சு முட்டும், மீதி இரண்டும் வீண். சில விநாடி மெதுவாக ஓடுவதே சரி.

ஒரே வாரத்தில் இரண்டையும் திணித்தால், வேகப் பயிற்சியில் இறுகிய பின்தொடையோடு 1500-க்கான நீண்ட ஓட்டமாக, ஊட்டியை அடுத்த லவ்டேல் பக்கம் 15 கிலோமீட்டர் ஓட வேண்டிவரும். தசைப்பிடிப்பு அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது போட்டி அட்டவணை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இரண்டிலும் தங்கம் வென்ற பிரிட்டன் வீராங்கனை கெல்லி ஹோம்ஸ் 9 நாளில் 6 முறை ஓட வேண்டியிருந்தது. இந்திய வீரர் ஜின்சன் ஜான்சன் 2018 ஆசிய விளையாட்டில் 1500-ல் தங்கமும் 800-ல் வெள்ளியும் வென்றது அபூர்வமான சாதனை, மனதாரக் கொண்டாட வேண்டியது.

400 மீட்டரில் நல்ல வேகம் இருப்பவர் 800-ஐப் பிடிக்கட்டும். 3000-ல் தளராதவருக்கு 1500. மற்றதைப் பருவத் தொடக்கத்தில் பயிற்சிக்காக ஓடிக்கொள்ளலாம்.