நாலு வருஷம் ஒரே ரவுட்டர்: ஃபர்ம்வெயாரும் ரீசெட்டும்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு 2021இல் இந்த ரவுட்டரை வாங்கினேன். இணைய நிறுவனம் பொருத்திய ஃபைபர் பெட்டி வாசலோரம் இருக்கிறது. அது லைனைக் கொண்டுவந்து தருவதோடு சரி. பாவனையாளர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையத்தோடு இணைப்பது என் ரவுட்டர்தான். இதுவரை ஐந்து தடவை ஃபர்ம்வெயார், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள், மாற்றினேன், மூன்று தடவை முழுதாக ரீசெட் செய்தேன். முதல் ரீசெட்டில் நன்றாக மாட்டுப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் வைஃபை அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. "தம்பி, பின்னால இருக்கிற சின்ன ஓட்டையைக் குத்தினாச் சரிவருமாம், கீழ்வீட்டு அன்ரி சொன்னவ" என்றார் அம்மா. ஊசியால் பத்து விநாடி அழுத்திப் பிடித்தேன். எல்லா அமைப்பும் போய்விட்டது. அந்தப் பாவனையாளர் பெயரை எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. திங்கட்கிழமை அதைத் திரும்ப வாங்கும்வரை, கனடாவில் இருக்கும் அக்காவோடு அம்மா கதைப்பதற்கு போன் டேட்டாதான்.

இணையம் வந்த பிறகும் வைஃபை அறுவது நிற்கவில்லை. ரீசெட் அமைப்புகளைத்தான் அழிக்கும். உள்ளே ஓடும் ஃபர்ம்வெயார் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் புதிய பதிப்பு ஏற்றிய பின்தான் எங்கள் வீட்டில் அது தீர்ந்தது.

இப்போது எதையும் தொடுவதற்கு முன் அமைப்புப் பக்கங்கள் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து வைக்கிறேன். பிறகு ரவுட்டரைக் கவிழ்த்து லேபலில் ஹார்ட்வெயார் பதிப்பைப் பார்ப்பேன். இது மிக முக்கியம். ஒரே மொடல் பெயரில் இரண்டாம், மூன்றாம் பதிப்புகள் வரும். உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். வேறு பதிப்புக்குரிய ஃபைலைப் பிழையாக ஏற்றினால் பெட்டி செத்தே போகலாம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் இறக்கி, ஸிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் .bin ஃபைலை, கணினியையும் ரவுட்டரையும் இணைக்கும் லான் வயர் வழியாக ஏற்றுகிறேன். வைஃபையில் செய்வதில்லை.

அந்த ஐந்து நிமிஷத்துக்குள் கரண்ட் போகக் கூடாது. 2022இல் 13 மணித்தியால மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய மினி யூ.பி.எஸ் (கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட்டும் சின்ன பற்றரிப் பெட்டி) இன்றும் உதவுகிறது. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க மின்சாரம் போனதே, அதை யார் எதிர்பார்த்தார்கள்? ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி மின்னல் வேறு. அதனால் காலையில்தான் இந்த வேலை.

பெரிய பதிப்பு மாற்றம் என்றால் அதன்பின் ரீசெட் செய்து, பழைய அமைப்புகளைச் சேமித்த பேக்கப் ஃபைலைத் திரும்ப ஏற்றாமல், படங்களைப் பார்த்துக் கையாலேயே அடிக்கிறேன். அரை மணித்தியாலம் போகும், ஆனால் பழைய கோளாறு திரும்ப வந்ததில்லை. ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவேன், டபிள்யூ.பி.எஸ்ஸையும் (பொத்தானாலோ சின்ன எண்ணாலோ வைஃபையில் சேர்க்கும் வசதி) வெளியிலிருந்து உள்நுழையும் வசதியையும் நிறுத்துவேன். வயர் அதற்குப் பிறகுதான். 2016இல் மிராய் என்ற தீய நிரல் பரவியது பெட்டியோடு வரும் கடவுச்சொற்களை வைத்துத்தான். 2018இல் வி.பி.என்.ஃபில்டர் என்ற இன்னொரு தீய நிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகளைப் பிடித்தது. கருவியை நிறுத்தித் திரும்பப் போட்டாலும் அதன் முதல் பகுதி உள்ளேயே தங்கியது. அப்போது முழு ரீசெட்டும் புதிய ஃபர்ம்வெயாரும்தான் பரிந்துரைக்கப்பட்டன.

வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பழையபடியே வைத்தால் டீவி, கமரா எல்லாம் தாமாகவே சேர்ந்துகொள்ளும். நேர வலயத்தைக் கொழும்புக்குரிய +5:30க்கு மாற்ற ஒருமுறை மறந்துவிட்டேன். ரவுட்டர் இரவு பத்துக்கு இணையத்தை நிறுத்த வேண்டிய பிள்ளையின் டப்லெட் நடுச்சாமம் தாண்டியும் ஓடியது.

ஃபைபர் பெட்டியின் ரீசெட் பொத்தானை மட்டும் நான் தொடுவதே இல்லை. லைனுக்குரிய அமைப்பு அதற்குள் இருக்கிறது; அழிந்தால் நிறுவனத்தின் ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

என் ரவுட்டருக்குக் கடைசிப் பதிப்பு வந்து ஒன்றரை வருஷமாகிறது. தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்த மொடல்களின் பட்டியலில் இப்போது அதுவும் இருக்கிறது. நன்றாக ஓடினாலும், பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைப்பதற்கு ஆளில்லாத பெட்டியை வீட்டு வாசலில் வைத்திருக்க எனக்கு மனமில்லை. இந்த மாதம் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகிறேன். அங்கே காட்டும் ஒவ்வொரு மொடலுக்கும் கடைசியாக எப்போது ஃபர்ம்வெயார் வந்தது என்று போனில் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பேன்.