மாதவிடாய் வலிக்கு அமுக்குவதா, சூடு காட்டுவதா, மாத்திரை போடுவதா?

உட்பக்கக் கணுக்கால் மொளிக்கு மேல் நான்கு விரல்களைப் படுக்கைவாக்கில் வையுங்கள். விரல்கள் முடிகிற இடத்தில், எலும்பின் பின்விளிம்பை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினால் பலருக்கும் ஒரு கடுப்பு தெரியும். சீன மருத்துவத்தில் அந்த இடத்துக்குச் சான்யின்ஜியாவ் என்று பெயர். உடம்பில் உயிர்ச்சக்தி ஓடுவதாக அவர்கள் சொல்லும் மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகத் தடங்கள் மூன்றும் கூடும் சந்தி என்பது பொருள். மாதவிடாய் வலி என்றால் அங்கே முதலில் கைவைக்கும் புள்ளி இதுதான். அளவுகோல் அவரவர் விரல் என்பதால் குட்டையோ நெட்டையோ கணக்கு தப்பாது.

துணைக்கு இன்னும் இரண்டு புள்ளிகள் உண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், புறங்கைச் சதையில் இருப்பது ஹெகு. காலில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் இருப்பது தைச்சோங். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே யாருக்கும் தெரியாமல் அமுக்கலாம் என்பதால் எனக்குப் பிடித்தது ஹெகுதான்.

பலன் உண்டா? பெர்லினில் 18 முதல் 34 வயது வரையுள்ள 221 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. கைபேசிச் செயலி காட்டியபடி இதே மூன்று புள்ளிகளைத் தாங்களே அமுக்கியவர்களில், மூன்று மாதவிடாய்ச் சுழற்சிக்குப் பிறகு 37 சதவீதம் பேருக்கு வலி பாதியாகவோ அதற்கும் மேலோ குறைந்தது. ஆறு சுழற்சிக்குப் பிறகு 58 சதவீதம் பேருக்கு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களிடம் அது 25, 24 என்றே நின்றது. ஆனால் பொய்ப் புள்ளியை அமுக்கிய குழு எதுவும் அதில் இல்லை. அந்த இடத்துக்கே மகிமையா, தினமும் தன் உடம்பைத் தானே கவனித்ததன் பலனா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்தது மோக்சா என்னும் சீனச் சூட்டு வைத்தியம். நம் மாசிபத்திரியின் இனத்துச் செடியை உலர்த்தி, பஞ்சுபோல் இடித்து, சுருட்டுபோலச் சுற்றிக் கொளுத்தி, தொப்புளுக்கு நான்கு விரல் கீழே தோலில் படாமல் பிடிப்பார்கள். கருப்பையில் குளிர் தங்கியதால் வலி வருகிறது, சூடு அதை ஓட்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒருமுறை அறைக்குள் கொளுத்திப் பார்த்தேன். இதமாகத்தான் இருந்தது, ஆனால் தலையணை உறையிலிருந்து வாடை போக இரண்டு நாள் ஆயிற்று. சாம்பல் விழுந்து கொப்புளம் வரும் ஆபத்து வேறு. இதம்தான் வேண்டுமென்றால் வெந்நீர்ப் பை போதும். சீனத்திலும் ஒட்டிக்கொள்ளும் சூட்டு வில்லையும் இஞ்சி போட்ட சர்க்கரைத் தண்ணீரும்தான் இன்று பரவலாக ஓடுகின்றன. எது சொன்னாலும் “வெந்நீர் குடி” என்கிற காதலனைக் கேலி செய்வது அங்கே பழகிப்போன நகைச்சுவை.

வேகத்தில் மாத்திரைக்குத்தான் முதலிடம். கருப்பையை இறுக்கிப் பிழியும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் ரசாயனம் சுரப்பதையே இபுபுரூஃபென், மெஃபனாமிக் அமிலம் போன்றவை தடுக்கின்றன. வலி தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு போட வேண்டும். சுருண்டு படுத்தபின் போட்டால் பாதி பலன்தான். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அமுக்குவதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கர்ப்பிணிகளுக்குச் சான்யின்ஜியாவும் ஹெகுவும் ஆகாது என்பது பழைய விதி. ஐந்தாம் நூற்றாண்டில், லியூ சொங் வம்சத்து அரசன் ஒருவன் வழியில் கண்ட கர்ப்பிணியின் வயிற்றைக் கிழித்துப் பார்க்கத் துடித்தான். உடனிருந்த வைத்தியர் சூ வென்போ மனம் பொறுக்காமல், கத்தி வேண்டாமென்று ஊசி குத்தினார். கரு கலைந்தது என்கிறது வரலாற்று நூல். அவர் குத்தியது இந்த இரண்டு புள்ளிகளில்தான் என்று பின்வந்தவர்கள் கொண்டார்கள். இன்றைய ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்திவிடவில்லை. ஆனாலும் கர்ப்பமா என்ற சந்தேகம் இருக்கும் மாதத்தில் நான் அமுக்க மாட்டேன்.

என் வரிசை இதுதான்: தேதிக்குச் சில நாள் முன்பிருந்தே அமுக்கல், முதல் நாள் மாத்திரையும் வெந்நீர்ப் பையும், மோக்சா வேண்டாம். மாத்திரைக்கும் அடங்காத வலி, வருடத்துக்கு வருடம் கூடும் வலி என்றால் கணுக்காலைத் தேடாமல் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள், கருப்பையின் உள்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம்.