ஹயபூசா கிளட்சுக்கு ஒரு கை வேக்குவம் பம்ப்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைட்ராலிக் கிளட்சில், அதாவது கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்யும் கிளட்சில், பழைய ஆயிலை மாற்ற, உறிஞ்சி இழுக்கும் இந்தக் கை வேக்குவம் பம்ப் நல்ல கருவி. ஆனால் ஸ்லேவ் சிலிண்டரை (என்ஜின் பக்கம் கிளட்சைத் தள்ளும் சிலிண்டர்) கழற்றி மாட்டி, லைன் முழுக்கக் காலியான வண்டியில் ஏர் எடுக்க, அதாவது உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற, இது மட்டும் போதாது. விற்பவர்கள் இரண்டு வேலைக்கும் ஆகும் என்றுதான் சொல்கிறார்கள். வாங்கியவர்களோ கடைசிக் குமிழி போகாமல் திண்டாடி, லிவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரே போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிவிடுகிறார்கள். அந்தச் செலவு யாருக்கும் வரக்கூடாது.

என் வண்டி சுசூகி பைக், இரண்டாம் தலைமுறை ஹயபூசா, 1340 சிசி. கோவையில் பம்ப் செய்யும் பட்டறை ஒன்றில் சீல், ஓ-ரிங் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்த்தேன்.

பெட்டியில் பிஸ்டல் மாதிரிப் பிடியுள்ள பம்ப், அதன் மேல் ஒரு மீட்டர், ஆயில் சேரும் சின்ன ஜாடி, டியூப்கள், ஸ்லேவில் ஆயிலை வெளியேற்றத் திறக்கும் நிப்பிளில் மாட்ட ரப்பர் அடாப்டர்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பெயர் அச்சிடாத சரக்கு, ஆனால் பம்ப் உடம்பு உலோகம். வந்தவுடன் டியூப் முனையை விரலால் அடைத்து மீட்டரில் 20 அங்குலம் (பாதரச அளவு) வரை இழுத்துப் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் சரி. என்னுடையதில் மெல்ல இறங்கியது. ஜாடி மூடியின் ஓ-ரிங் மெலிசு. பட்டறையில் கிடந்த கொஞ்சம் தடித்த ஓ-ரிங்கைப் போட்டதும் நின்றுவிட்டது.

பம்பை நிப்பிளில் மாட்டுவதற்கு முன், கோளாறு உண்மையிலேயே ஹைட்ராலிக்கில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிக்னலில் நியூட்ரல் விழ மறுக்கிறது, லிவரை முழுக்கப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது என்றால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. லிவரை வேகமாக நாலைந்து முறை அமுக்கிவிட்டுக் கியர் போடுங்கள். கியர் சுலபமாக விழுந்தால் லைனில் ஏர் இருக்கலாம், இல்லை எங்கோ கசியலாம். எந்த மாற்றமும் இல்லை என்றால் கிளட்ச் பிளேட், என்ஜின் ஆயில் பக்கம் போங்கள். இன்னொரு வகையும் உண்டு. லிவரைப் பிடித்த உடனே எல்லாம் சரியாக இருக்கும், பிடித்தபடியே ஒரு நிமிடம் நின்றால் வண்டி மெல்ல நகரத் தொடங்கும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. அது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் அதைத் தாண்டிப் பின்னால் போகிறது என்பதற்கு அடையாளம். அந்த வண்டியில் எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பயனில்லை.

மாஸ்டர் மேலுள்ள தொட்டியில் ஆயில் மட்டத்தையும் கவனியுங்கள். பிரேக்கில் பேட் தேயத் தேய மட்டம் இறங்கும். இந்த மாதிரி கிளட்சில் நேர்மாறு. பிளேட் தேயும்போது, கிளட்சுக்கும் ஸ்லேவுக்கும் நடுவிலுள்ள புஷ் ராடு ஸ்லேவ் பிஸ்டனை உள்ளே தள்ளும், ஆயில் மேலே ஏறும். எனவே மட்டம் இறங்குகிறது என்றால் கசிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியை விளிம்பு வரை நிரப்பவும் கூடாது, ஏறும் ஆயிலுக்கு இடம் வேண்டும்.

ஹயபூசாவில் கசிவுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இடது பக்கம், முன் ஸ்பிராக்கெட் கவர் அருகில். ஸ்லேவ் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. செயினுக்கு அடிக்கும் லூப் ஆயில், மணல், மழைத்தண்ணீர் எல்லாம் அதன் மேல்தான் போய் அடையும். கவரைக் கழற்றினால் கறுப்பாக ஈரமாக இருக்கும், எது என்ன ஆயில் என்றே தெரியாது. புஷ் ராடு சீல் போயிருந்தால் என்ஜின் ஆயிலும் அங்கேயே கசியும். ஒரு துணியில் தொட்டு எடுத்துத் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். கிளட்சில் ஊற்றும் டாட் 4 (பிரேக் ஆயில் வகை) தண்ணீரில் கரைந்துவிடும், என்ஜின் ஆயில் மிதக்கும். எந்த சீலை மாற்ற வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். ஸ்லேவைக் கழற்றி வைத்திருக்கும்போது மட்டும் தவறியும் லிவரை அமுக்காதீர்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

சரி, பம்புக்கு வருவோம். ஆயில் மாற்றுவதில் இது பெரிய உதவி. முன்பு மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அமுக்கு கண்ணு, பிடி, இப்ப விடு" என்று சொல்லிக்கொண்டே 8 மி.மீ. ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருப்பேன். இப்போது தனியாகவே முடிகிறது. டியூபை மாட்டி, 15 முதல் 20 அங்குலம் இழுத்து, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால் காப்பி நிறத்துப் பழைய ஆயில் ஜாடிக்குள் இறங்குகிறது. மேலே தொட்டி காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டி சின்னது, கண் அகலக்கூடாது. ஃபேரிங் மேலும் டேங்க் மேலும் ஈரத்துணி போர்த்திவிடுங்கள், டாட் 4 பெயிண்டைத் தின்றுவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வதில் காரணம் இருக்கிறது. டாட் 4 காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். ஸ்லேவ் என்ஜினோடு ஒட்டியே இருப்பதால் ஈரம் ஏறிய ஆயிலில் ஆவிக் குமிழி வரலாம். எனவே கோடை டிராஃபிக்கில் கிளட்ச் தளர்ந்து, ஆறியதும் சரியாகிவிடுகிற வண்டிகளில் முதலில் ஆயிலை மாற்றிப் பாருங்கள்.

ஏர் எடுப்பது வேறு விஷயம். உறிஞ்சும் விசைக்கு உச்சவரம்பு காற்றழுத்தம் மட்டுமே. கடல் மட்டத்தில் அது 30 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, கோவை 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே இன்னும் கொஞ்சம் குறையும். கை லிவர் கொடுக்கும் அழுத்தம் இதைப் போலப் பல மடங்கு. அதோடு காற்று மேலே போகப் பார்க்கும், நாமோ கீழே இருக்கிற நிப்பிள் வழியாக இழுக்கிறோம். மாஸ்டரில் லைனை இணைக்கும் பான்ஜோ போல்ட்டில் தேங்கிய குமிழி அசையாமல் அங்கேயே நிற்கும்.

இதைவிட அதிகமாகக் குழப்புவது பொய்க் குமிழி. நிப்பிளைத் திறந்ததும் அதன் மரை வழியாகவே வெளிக்காற்று உள்ளே போய் டியூபில் குமிழியாகத் தெரியும். லைனில் ஏரே இல்லாவிட்டாலும் குமிழி நிற்காது. ஒரு பாட்டில் ஆயிலைக் காலி பண்ணியும் குமிழி வருகிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டியிருப்பார்கள். நிப்பிளைக் கழற்றி, முனைக் கூம்பில் படாமல் மரையில் மட்டும் டெஃப்லான் டேப் சுற்றிப் போடுங்கள், வெகுவாகக் குறையும். எப்படியானாலும் முடிவைக் குமிழியைப் பார்த்துச் சொல்லாதீர்கள், லிவரைப் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஸ்லேவ் சீல் மாற்றிய பிறகு நான் செய்த முறை இது. வண்டியை, பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் நேராக நிறுத்தினேன். தொட்டியிலிருந்து பாதி ஆயிலை எடுத்துவிட்டு, 50 மி.லி. சிரிஞ்சில் புது டாட் 4 நிரப்பி, நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளினேன். காற்று தன் வழியிலேயே தொட்டிக்குள் ஏறி வந்தது. பிறகு லிவரைப் பிடித்துக்கொண்டு பான்ஜோ போல்ட்டைத் துணி சுற்றி இம்மியளவு தளர்த்தி இறுக்கினேன். இரவு லிவரைச் சைக்கிள் டியூப் துண்டால் கட்டி வைத்தேன். காலையில் அவிழ்த்துவிட்டதும் தொட்டியில் பொடிக் குமிழிகள் வந்தன, லிவர் கெட்டியாகிவிட்டது. இதில் வேக்குவம் பம்புக்கு வேலையே வரவில்லை. ஆனால் அழுக்கு ஆயில் உள்ள லைனில் சிரிஞ்ச் முறை வேண்டாம், கசடு மாஸ்டருக்குள் ஏறிவிடும். முதலில் பம்பால் இழுத்துச் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் தள்ளுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கூட வரும் டியூப் சில மாதத்தில் விறைத்துவிட்டது, நான் வேறு மாற்றிக்கொண்டேன். அடாப்டர்களில் ஒன்றுதான் நிப்பிளைக் கவ்வுகிறது. ஜாடி சிறிது, அடிக்கடி கொட்ட வேண்டும், நிறைந்தால் ஆயில் பம்புக்குள்ளேயே ஏறிவிடும்.

ஒரே ஒரு ஹைட்ராலிக் கிளட்ச் வண்டி, இரண்டு வருடத்துக்கு ஒரு ஆயில் மாற்றம் என்றால் சிரிஞ்சும் ஒரு முழம் டியூபும் போதும், பழைய ஆயிலைத் தள்ளாமல் உறிஞ்சி எடுங்கள். முன், பின் பிரேக்கையும் வீட்டிலேயே பார்ப்பவர்கள், துணைக்கு ஆள் இல்லாதவர்கள் தாராளமாக வாங்கலாம். இதே ஜாடியில் என்ஜின் ஆயிலையோ, சில பழைய பிஎம்டபிள்யூ, கேடிஎம் கிளட்சுகளில் வரும் மினரல் ஆயிலையோ இழுக்காதீர்கள். டாட் 4 சிலிண்டரின் ரப்பர் மினரல் ஆயில் பட்டால் ஊதிவிடும். நான் வேலை முடிந்ததும் ஜாடியையும் டியூபையும் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, "டாட் 4 மட்டும்" என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.